இறக்கத்துக்கு ஒரு வரி

புதுப்பட்டி, கம்பம்
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு முனி எழுதிக்கொண்டது. நானும் கனியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

சிறையிலிருந்து நீங்கள் போன் பேசினால், குரலைக் கேட்டதும் எனக்கு அழுகைதான் வருகிறது. சொல்ல நினைத்ததெல்லாம் போய்விடுகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்க்க வரக் கூடாதென்று கட்டிய பெண்டாட்டியிடமே சத்தியமும் வாங்கிவிட்டீர்கள். வேறு வழி இல்லாமல்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கத்தக் கூடாது.

நான் ஜீப் ஓட்டப் போகிறேன். லோடு ஆட்டோ இல்லை, ஜீப்பேதான். காலையில் நம் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலை ஏறிக் கேரளா ஏலத்தோட்டத்தில் விடுவது, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது. நீங்கள் பதினாலு வருசம் பார்த்த அதே வேலை.

இது நானாக இழுத்துப் போட்டுக்கொண்டதில்லை. சண்முகத்தாய் அக்காதான் ஆரம்பித்தது. “ஏத்தா முனி, ஆட்டோவை அந்த ஓட்டு ஓட்டுற. ஒரு ஜீப்பை எடுத்தா நாங்க உன்னோடயே வந்துருவோம்ல? கண்டவன் வண்டியில பதினெட்டுப் பேரோட நசுங்கிக்கிட்டுப் போறோம்” என்றது. கலீல் பாய் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. ஓட்டிப் பார், சரிப்பட்டால் வைத்துக்கொள் என்கிறார். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் மாமா, பயமாக இருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தோற்றுப்போனால் ஊர் சிரிக்குமே என்ற பயம் இல்லை, சிரித்துவிட்டுப் போகட்டும். அது என் தங்கச்சி சுருளியோடு மூன்று பேரை விழுங்கிய ரோடு. நீங்கள் ஓட்டிய வண்டிக்கே பிரேக் போய்க் கவிழ்ந்ததென்றால் நான் எம்மாத்திரம்? சுருளி பெற்ற பிள்ளை கனி என் பக்கத்தில் தூங்குவதைப் பார்க்கிறபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தைரியமாக ஏறுவேன்.

உங்கள் முனி


மத்திய சிறை, மதுரை
27.1.2025

பிரியமுள்ள முனிக்கு ஒச்சாண்டி எழுதுவது. இங்கே என்னைத் தோட்ட வேலைக்கு விட்டிருக்கிறார்கள். குனிந்து நிமிர்ந்து முதுகு வலி தேவலையாகிவிட்டது. கனிக்குப் பல் விழுந்து முளைத்ததா?

ஜீப் வேண்டாம். இதில் பேச்சே கிடையாது.

உன்னால் முடியாதென்று சொல்லவில்லை. நீ பிடிவாதக்காரி, தலைகீழாக நின்றாவது ஓட்டிவிடுவாய். ஆனால் மலை ரோடு மார்க்கெட் ரோடு இல்லை. பிரேக் யாரைக் கேட்டுக்கொண்டு போகிறது? ஒரு வீட்டில் ஒருத்தன் உள்ளே இருப்பது போதாதா?

சண்முகத்தாய்க்கு என்ன, வாயால் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டியரிங் பிடிப்பது நீ. கலீல் பாயிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் ஆட்டோ ஓட்டு. குளிர் காலம், காதில் துணி கட்டிக்கொள்.

ஒச்சாண்டி


புதுப்பட்டி
5.2.2025

அன்புள்ள மாமாவுக்கு முனி எழுதிக்கொண்டது. கனிக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டது. எனக்குச் சளி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். அடேயப்பா, ஜெயிலுக்குள் இருந்தும் அதிகாரம் குறையவில்லை!

நானும் ஒன்று கேட்கிறேன். எங்கள் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியபோது உங்களுக்காக யார் பேசியது? “பிரேக்கு போச்சுன்னா அவுக என்னம்மா செய்வாக? அவுகளும்தான விழுந்தாக?” என்று பெற்றவளிடமே மல்லுக்கு நின்றேன். எட்டு மாதம் அம்மா என் வாசல்படி மிதிக்கவில்லை. இன்றைக்கும் யாராவது உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் விடுவேனா? அதற்குப் பதிலாகக் கேட்கிறேன், எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கலீல் பாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் வண்டியில் மெட்டுவரை போனேன். ஏறிவிட்டேன் மாமா! செக்போஸ்ட்டில் டீ குடித்தோம். இறங்கும்போதுதான் மூன்றாவது வளைவில் மாட்டிக்கொண்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே முடியவில்லை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தேன். பாய்தான் இறக்கிக்கொண்டு வந்தார்.

“ரெண்டாவது கியர்ல போட்டு விடும்மா, எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும்” என்கிறார். நீங்களும் ரெண்டாவது கியரில்தானே இறக்கினீர்கள்? உத்தமபாளையம் கோர்ட்டில் அப்படித்தானே சொன்னீர்கள்? கியரில் இறக்கியும் உங்களுக்குப் பிரேக் போனதே. அப்படிப் போனால் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள், போதும்.

உங்கள் முனி


மதுரை
26.2.2025

பிரியமுள்ள முனிக்கு ஒச்சாண்டி. சளிக்குத் துளசியும் மிளகும் போட்டுக் குடி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று நாள் யோசித்தேன். நீ கேட்க மாட்டாய். கேட்காதவளைத் தெரியாமல் ஓட்ட விடுவதைவிடத் தெரிந்து ஓட்ட வைப்பது நல்லது.

காலையில் டயரைக் கையால் தட்டிப் பார். ஆள் பன்னிரண்டுக்கு மேல் ஏற்றாதே. நான் ஏற்றினேன், அதற்குத்தான் முக்கியமாகத் தண்டனை கொடுத்தார்கள். கனமான ஆட்களை முன்பக்கமாக உட்கார வை. அடிவாரத்தில் காட்டிலாகா செக்போஸ்ட் தாண்டினதும் இரண்டு வளைவு லேசானது, அதை நம்பிவிடாதே. கியரை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடு, வளைவுக்குள் போய்க் குறைத்தால் வண்டி மூச்சு விட்டு நின்றுபோகும். ஹாரன் அடித்துவிட்டு ஒரு நொடி காது கொடு. மேலே இருந்து ஏலக்காய் லாரி வந்தால் அதன் சத்தம் முதலில் மலைப் பக்கம் கேட்கும், அப்புறம்தான் ரோட்டில் கேட்கும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, ஆனால் கேரளா பஸ்காரனிடம் சட்டம் பேசிக்கொண்டிருக்காதே. பாதி மலையில் ஒரு ஊற்று இருக்கும், ரேடியேட்டருக்கு அங்கே தண்ணீர் விடு. மெட்டுக்கு முன்னால் கடைசி வளைவில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடி.

இறக்கத்தில் கவனமாக வா. சாமியைக் கும்பிட்டுக்கொள்.

ஒச்சாண்டி


புதுப்பட்டி
16.3.2025

அன்புள்ள மாமாவுக்கு முனி எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது, தோட்ட வேலையில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நாளாக ஓட்டுகிறேன்! முதல் நாள் ஒன்பது பேர். சண்முகத்தாய் அக்கா சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தை டயருக்குக் கீழே வைத்து நசுக்கச் சொன்னது. நீங்கள் சொன்ன மாதிரி காது கொடுத்து ஏறினேன். லாரிச் சத்தம் நிசமாகவே முதலில் மலைப் பக்கம்தான் கேட்கிறது. மெட்டில் செக்போஸ்ட்காரர் “சேச்சி கொள்ளாமல்லோ” என்று மலையாளத்தில் மெச்சினார். பின்னால் இருந்தவர்கள் குலவை போட்டார்கள்.

இப்போது அழுகிற கதையைக் கேளுங்கள். சாயங்காலம் மூன்று மணி ஆனால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. இறங்குவதற்கு முன்னால் குனிந்து பிரேக் லைனைப் பார்க்கிறேன், உட்கார்ந்து மிதித்துப் பார்க்கிறேன், மறுபடி குனிந்து பார்க்கிறேன். “என்னத்தா, வண்டிக்கடியில புதையலா இருக்கு?” என்று நம் தெரு மெஹராஜ் கிண்டல் செய்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ரெண்டாவது கியரில்தான் இறக்குகிறேன். ஆனாலும் பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடியே அடிவாரம் வரைக்கும் வருகிறது. வந்து சேரும்போது நான்கு சக்கரமும் கொதிக்கிறது.

மாமா, ஏற்றத்துக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதிய மனுசன் இறக்கத்துக்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தானாகப் போகிற பிரேக் என்றைக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ஏதாவது அறிகுறி காட்டியதா? சத்தம், வாடை, பெடலில் வித்தியாசம், எதுவானாலும் எழுதுங்கள். அதைப் பிடித்துக்கொண்டாவது இறங்குவேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இத்தனை கடிதத்தில் சுருளி பேரை ஒருதரம்கூட நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் முனி


மதுரை
4.4.2025

பிரியமுள்ள முனிக்கு ஒச்சாண்டி. நலம். இங்கே கத்தரி நன்றாகக் காய்த்திருக்கிறது. நான் போட்ட பாத்திதான் முதலில் காய்த்தது.

அன்றைக்கு அறிகுறி எதுவும் இல்லை. போகிற நேரம், போய்விட்டது. அதையே நினைத்துக்கொண்டிருந்தால் வண்டி ஓட்ட முடியாது.

ரொம்பப் பயமாக இருந்தால் விட்டுவிடு. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். கனிக்குப் பரீட்சை முடிந்ததா?

ஒச்சாண்டி


புதுப்பட்டி
20.4.2025

அன்புள்ள மாமாவுக்கு முனி எழுதிக்கொண்டது. கனி பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைத்ததுதான் நடந்தது. தோற்றுப்போய்விட்டேன்.

போன வியாழக்கிழமை பதினோரு பேரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். நம் ஜீப் கவிழ்ந்த வளைவுக்கு முன்னால் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போன மாதிரி இருந்தது. போனதா, எனக்குத்தான் தோன்றியதா, சாமிக்குத்தான் வெளிச்சம். வண்டியை மலைப் பக்கம் ஒட்டி நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் என்னால் எடுக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சண்முகத்தாய் அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்குமே என்று பின்னால் முணுமுணுத்தார்கள்.

அப்புறம் நம் ஸ்டாண்ட் அம்மாவாசி ஜீப் வந்தது. அவன் வண்டியைத் தன் கிளீனர் பையனிடம் விட்டுவிட்டு என் வண்டியில் ஏறினான். எஞ்சினை அணைத்தான், நியூட்ரலில் விட்டான். ஐயோ, அந்த வேகம்! நான் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, “இறக்கத்துக்கு எதுக்குக்கா எஞ்சின்? ஒச்சாண்டி அண்ணேன் கத்துக்குடுத்த வித்தை இது. மெட்டுல அணைச்சா அடிவாரத்துலதான் ஸ்டார்ட்டு. அண்ணேன் இப்படித்தான இறக்குவாக” என்றான்.

மறுநாள் என் ஜீப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். சனிக்கிழமை ஒருத்தரும் வரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே என் வண்டியில் ஏறப் பயம்.

மாமா, அம்மாவாசி சொன்னது நிசமா? ஆமாம், இல்லை என்று ஒரு சொல் எழுதுங்கள்.

உங்கள் முனி


புதுப்பட்டி
28.5.2025

மாமாவுக்கு முனி எழுதிக்கொண்டது. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரைப் பார்த்தால் கனிகூட ஓடிப்போய்க் கேட்கிறாள்.

கலீல் பாய் நல்ல மனுசன். பக்ரீத் வரைக்கும் பார்க்கிறேன், அதற்கு மேல் வேறு ஆளுக்கு ஜீப்பைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சாவி சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தொடவில்லை.

இப்போது எங்கள் அம்மா தோட்ட வேலைக்குப் போகிறது. பெற்ற பிள்ளையைக் கொடுத்த ரோட்டில் அது போய் வருகிறது, அம்மாவாசி ஜீப்பில். நேற்று சொல்லிப் பார்த்தேன், அவன் நியூட்ரலில் உருட்டுகிறான், ஏறாதே என்று. அம்மாவோ “கியர்ல இறக்கியே உம்புருசனுக்குப் பிரேக்கு போச்சுல்ல? நியூட்ரல்ல விட்டா மட்டும் கூடுதலாவா போயிறப் போகுது? நடக்கிறது நடக்கும் போடி” என்கிறது. ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லாரும் இதையேதான் பேசுகிறார்கள்.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

முனி


மதுரை
3.6.2025

முனிக்கு ஒச்சாண்டி எழுதுவது.

சுருளி. ஒன்றரை வருசமாக இந்தப் பேரை எழுதக் கை வரவில்லை. இன்றைக்கு முதலில் அதை எழுதிவிட்டேன்.

அம்மாவாசி சொன்னது நிசம். பதினாலு வருசமும் அப்படித்தான் இறக்கினேன். டீசல் மிச்சம் என்பது ஒரு சாக்கு. சத்தமே இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும், பின்னால் பொம்பளைகள் கூச்சல் போடுவார்கள், அதில் எனக்கு ஒரு கெத்து. சின்னப் பயல்களுக்கெல்லாம் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அன்றைக்கும் மெட்டு தாண்டியதும் எஞ்சினை அணைத்தேன். சுருளி என் பக்கத்துச் சீட்டில் இருந்தாள். பாதி மலையில், “மச்சான், கருகுற வாடை வருது. கியர்ல போடுங்க மச்சான், பயமா இருக்கு” என்றாள். எனக்கும் வாடை வந்தது. நான் சிரித்தேன். “ஆத்தா, நீ காய் எடுக்கிற வேலையைப் பாரு, வண்டியை நான் பாத்துக்கிறேன்” என்றேன். அதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. கியரைப் போடப் பார்த்தேன், அந்த வேகத்தில் விழவில்லை.

பிரேக் போனது பொய்யில்லை. ஆனால் அது தானாகப் போகவில்லை. கோர்ட்டில் ரெண்டாவது கியர் என்று சொன்னது பொய். உன்னிடம் சொன்னதும் பொய். நீ என்னை நம்புகிறாய் என்ற ஒன்றை வைத்துத்தான் இங்கே எனக்குச் சோறு இறங்கியது. உன் கேள்வி வந்த பிறகு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் அம்மா அவன் வண்டியில் போகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு கிழிக்க முடியவில்லை. ஒரே வீட்டில் இன்னொரு உயிரை நான் எடுக்க முடியாது.

கலீல் பாய் சொன்னதுதான் சரி. ஏறுகிற கியரிலேயே இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. மிதி, விடு, மறுபடி மிதி. அப்படி இறக்கினால் பிரேக் கருகாது. உனக்கு வந்த பயம் நான் சொன்ன பொய்யால் வந்தது முனி. நீ தோற்கவில்லை.

இதை எல்லாருக்கும் படித்துக் காட்டு. இங்கே அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள், படிக்கட்டும். வக்கீலிடம் அப்பீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒச்சாண்டி


புதுப்பட்டி
13.7.2025

ஒச்சாண்டி அவர்களுக்கு முனீஸ்வரி எழுதுவது. கனி நன்றாக இருக்கிறாள். அம்மாவும் நன்றாக இருக்கிறது.

கடிதம் பக்ரீத்துக்கு முதல் நாள் வந்தது. அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் கலீல் பாயிடம் கேட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், ஸ்டாண்டில் எல்லா வண்டியும் புறப்படுவதற்கு முன்னால் உரக்கப் படித்தேன். உங்களுக்காக அந்தத் தெருவில் வாய் கிழியப் பேசியவள் நான்தானே, நான்தான் படிக்க வேண்டும். டிரைவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அம்மாவாசி, “இனிமே கியர்லதான்க்கா” என்றான். அவன் சொன்னபடி நடக்கிறானா என்று நான் தினமும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு இறங்குகிறேன்.

அம்மா அழவில்லை. சுருளி பேசிய இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னது. படித்தேன். “எம்மக சொல்லியிருக்காளா? வாயத் தொறந்து கேட்டிருக்காளா?” என்றது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னது. அப்புறம் அம்மாவாசி ஜீப்பிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் ஜீப்பில் ஏறியது. அதன் பின்னால் சண்முகத்தாய் அக்கா, மெஹராஜ், அப்புறம் ஒவ்வொருத்தராக. அன்றைக்கே பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவதாக வந்த ஆளை இறக்கிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மழையும் மூடுபனியும். ரெண்டாவது கியரில் போட்டு, மிதித்து, விட்டு, மிதித்து இறக்கினேன். இறங்குவதற்கு முன்னால் ஒரு தரம்தான் குனிந்து பார்த்தேன். என்னவோ தெரியவில்லை, பயம் போய்விட்டது. வண்டி எஞ்சினில் முனகிக்கொண்டே மெதுவாக இறங்கியது. அடிவாரத்துக்கு வந்ததும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

அப்போதுதான் அழுதேன். எல்லாரும் என்னவோ ஏதோ என்று பதறிவிட்டார்கள். இவ்வளவுதானா? ஒரு கம்பியைக் கையால் தள்ளி ஒரு கியரில் போடுகிற வேலை. கனி செய்வாள் அதை. அதற்கா என் தங்கச்சி கெஞ்சினாள்?

நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதினீர்கள். அதனால்தான் இன்றைக்கு அம்மா உயிரோடு வந்து இறங்குகிறது, நான் ஓட்டுகிறேன். இதை நான் எந்தக் காலத்திலும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஒரு மாதமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். வரவில்லை. பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன், பயத்தில் சொன்னது. அவள் கெஞ்சியபோது நீங்கள் சிரித்தீர்களே, அதைத்தான் தாண்ட முடியவில்லை. உங்கள் சிரிப்பு எனக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வருசம் ஆடியில் உங்களுக்கு விடுதலை. கலீல் பாய் வந்து அழைத்துக்கொண்டு போவார். மார்க்கையன்கோட்டையில் உங்கள் அக்காவிடம் பேசிவிட்டேன், அங்கே இருங்கள். உங்கள் சட்டை, வேட்டியெல்லாம் துவைத்து அங்கே கொடுத்தாயிற்று.

நான் வர மாட்டேன். அன்றைக்கும் எனக்கு நடை இருக்கும்.

முனீஸ்வரி